வீட்டுக்கா, தொழிலுக்கா

நானும் என் மச்சாளும் காசு சேர்த்து ஒரு மடிக்கணினி வாங்குவதென்று முடிவெடுத்த அன்றே, எதை வாங்குவது என்ற சண்டையும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மச்சாள் என் கணவருடைய தங்கை. என்னைவிட இரண்டு வயது இளையவள். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவரும் அவளும் அண்ணன் தங்கை என்றாலும், அந்த வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் நானும் அவளும்தான் ஒரு பக்கம். மடிக்கணினி விஷயத்தில்தான் முதன்முதலாக இரண்டு பக்கமாக நின்றோம்.

அவள் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிப்பவள். அப்போது திருகோணமலையில் பெண் படப்பிடிப்பாளர் என்று சொன்னால் ஆட்கள் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் மூதூரிலும் கிண்ணியாவிலும் அவளைத் தேடி வந்து கேட்பவர்கள் நிறைய. முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு வெளி ஆண் ஒருவன் கமெராவோடு போக முடியாது. பெண்ணின் தம்பியோ மாமனோ அவசரத்தில் எடுத்த, தலை வெட்டுப்பட்ட படங்கள்தான் பல வீட்டு அல்பங்களில் இருந்தன. இவள் போனதும் நிலைமை மாறியது. லண்டனிலிருந்த சித்தப்பா அனுப்பிய நல்ல டிஜிட்டல் கமெரா ஒன்று அவளிடம் இருந்தது. இல்லாதது கணினி. படங்களைப் பார்த்துத் திருத்துவதற்கு டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். அங்கே வேலை செய்கிற பெடியன்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அது அவளுக்குப் பெரிய தலையிடி.

நான் மொழிபெயர்ப்பாளர். கடல் பொங்கி வந்து கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, உதவி நிறுவனங்கள் வரிசையாக ஊருக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. ஆங்கிலத்தில் வருகிற அறிக்கைகளைத் தமிழிலும் தமிழில் மக்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். கந்தோரில் ஒரு பழைய கணினிக்கு நாலைந்து பேர் காத்திருப்போம். சண்டை நிறுத்தம் கடதாசியில் மட்டும் இருந்தது. சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றியும் மண்மூட்டையும் அப்படியே இருந்தன. காலையில் திறந்த கடை மத்தியானத்தில் மூடும். எந்த நாள் கந்தோருக்குப் போகலாம், எந்த நாள் ஏலாது என்று முதல் நாளே யாருக்கும் தெரியாது. அதனால் வேலையைக் கையோடு கொண்டு திரிய ஒரு பெட்டி எனக்கும் தேவைப்பட்டது.

கடை டவுனில் இருந்தது. முதலாளி கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல ஊரெல்லாம் அவரை நானா என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். நாங்கள் போன நேரம் டவுனில் மாடுகள் போலத் திரிகிற மான்களில் ஒன்று கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். நானா கண்ணாடி மேசையில் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

"இது ஹோம் மொடல். இது பிசினஸ் மொடல்."

"என்ன வித்தியாசம் நானா?" என்று கேட்டேன்.

"ஹோம் மொடல் வீட்டில இரிக்கிறவங்களுக்கு. பிசினஸ் மொடல் பிசினஸ் செய்றவங்களுக்கு."

"நாங்கள் வீட்டில இருந்துதானே பிசினஸ் செய்யிறம்" என்றாள் மச்சாள்.

நானா இரண்டு மூடியையும் ஒருதரம் துடைத்தார். "அப்ப உங்களுக்கு ஏத்ததைக் கம்பனிக்காரன் இன்னும் செய்யல்ல தங்கச்சி."

ஹோம் மொடலுக்கு மாதுளம்பழச் சிவப்பில் மூடி. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி மினுங்கியது. அகலமான திரை. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். நானா ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். பக்கத்துப் புடைவைக் கடையில் நின்ற இரண்டு பேர் என்ன சத்தமென்று பார்க்க வந்துவிட்டார்கள். மற்றது கறுப்பு. மினுக்கம் கிடையாது, வடிவும் கிடையாது. தடித்த விளிம்போடு பழைய பிஸ்கட் டின்னைத் தட்டையாக்கியது போல இருந்தது. திரையும் சின்னது, நிறங்கள் தண்ணி கலந்தது போல மங்கல். மூடித் திறக்கிற இடத்தில் மட்டும் இரும்புக் கதவுக்குப் போடுவது மாதிரிப் பிணைச்சல்.

"இதுக்கு பெட்டறி கனநேரம் நிக்கும். கீழ விழுந்தாலும் லேசில ஒண்டும் நடக்காது" என்று நானா கறுப்புப் பெட்டிக்காக வாதாடினார். "இந்தா, இதில விரலை வெச்சாத்தான் திறக்கும். கம்பனி ரகசியம் வெச்சிரிக்கிறவங்களுக்கு."

"எங்களிட்ட என்ன ரகசியம் இருக்கு நானா?" என்று மச்சாள் சிரித்தாள். அவளுடைய கண் முழுக்கச் சிவப்பில்தான். என்னுடையது கறுப்பில்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே குசினியில் விவாதம் தொடங்கிவிட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், நான் பிடிக்கிறது கலியாணப் படம். கூறைச் சீலை சிவப்பெண்டா சிவப்பாத் தெரிய வேணும். அந்தக் கறுப்புச் சனியனில பாத்தால் பொம்பிளை காய்ச்சல் வந்து எழும்பினவ மாதிரி இருப்பா."

"நான் முகாம் முகாமாத் திரியிறனான். வானில, வள்ளத்தில, மரத்துக்குக் கீழ இருந்து எழுதிறனான். உம்மட சிவப்பு ராசாத்தி ஒரு கிழமை தாங்குவாளோ?"

"வள்ளத்தில நானும்தானே போறன்."

"அதுதான் சொல்லிறன்."

என் கணவருக்குக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில் வேலை. அன்று வந்து உடுப்பு மாற்றுமுன்பே அவரை நடுவர் ஆக்கினோம். கதிரையை இழுத்துப் போட்டு, நீதிமன்றத்தில் இருப்பவர் போல உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"கிரிக்கெட் எதில வடிவாப் பாக்கலாம்?"

"சிவப்பில" என்றாள் தங்கை.

"அப்ப சிவப்பு."

"உங்களிட்ட இனி ஒண்டும் கேக்கமாட்டம்" என்று நான் தேங்காய்ப் பாலைப் பிழியப் போய்விட்டேன்.

அடுத்த கிழமை இரண்டாம் முறை கடைக்குப் போனோம். திரும்பவும் முடிவில்லை. நானாவுக்கு எங்களைப் பார்க்க அலுப்பாகியிருக்க வேண்டும். ஆனால் வந்த வாரக் கடைசியில் மூதூரில் ஒரு கலியாணம் இருந்தது. மணப்பெண் நானாவுடைய மனைவியின் தமக்கை மகள். படம் பிடிக்கப் போகிறவள் எங்கள் மச்சாள்.

"ஒரு வேலை செய்ங்க" என்றார் நானா. "ரெண்டையும் கலியாண வீட்டுக்குக் கொண்டு போங்க. வேலை செஞ்சு பாருங்க. வேணாம் எண்டதைத் திருப்பிக் கொண்டாங்க. ஒரேயொரு கதைதான். வட்டிலப்பம் சாப்பிட்ட கையால தொடக் கூடாது."

எனக்கும் கிணறுகளைத் துப்புரவாக்குவது பற்றிய அறிக்கை ஒன்று திங்கட்கிழமைக்கு முன் முடிய வேண்டியிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, உதவிக்கு வருகிறேன் என்று மச்சாளோடு புறப்பட்டேன்.

குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்ச் என்கிற மோட்டார் வள்ளத்தில் போவதென்றால் ஜெட்டியில் நேவியின் சோதனையைத் தாண்ட வேண்டும். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. பைகளைத் திறந்து பார்ப்பது இரண்டு வரிசைக்கும் பொதுவான ஒரு மேசையில். அங்கே நின்ற நேவிக்காரன் எங்கள் பையைத் திறந்தான். ஒரு பெரிய கமெரா, இரண்டு மடிக்கணினிகள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எதுக்கு ரெண்டு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

எனக்குச் சிங்களம் வரும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு, எது நல்லதென்று தெரியாமல் இரண்டையும் கொண்டு போகிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். உண்மையைச் சொன்னதால் முகத்தைச் சுழித்தான்.

"ரெண்டையும் போட்டுக் காட்டுங்க."

கறுப்பு சத்தமில்லாமல் உடனே விழித்துக்கொண்டது. சிவப்பு அப்படியல்ல. முதலில் ஒரு வெளிச்சம், பிறகு இருட்டு, பிறகு ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் கோழிக் கூடையோடு நின்றவர் "லோஞ்ச் போகப்போகுது பிள்ளையள்" என்று அவசரப்படுத்தினார். மச்சாளுக்கு வியர்த்துக்கொட்டியது. கடைசியில் திரை எழும்பியது. நானா அன்று பாட்டுக்காக ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்தவர் குறைக்கவில்லை. திறக்கும்போது வருகிற இசை கோயில் மேளம் போல ஜெட்டி முழுக்கக் கேட்டது. கோழிகள் கூடைக்குள் செட்டை அடித்தன. ஒரு கணம் எல்லாரும் விறைத்துப்போய் நின்றோம். பிறகு அந்த நேவிக்காரனே சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் வரிசை முழுக்கச் சிரித்தது.

பையை மூடித் தரும்போது, "என்ர தங்கச்சியும் ஒண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா. சிவப்புத்தான் வடிவு" என்றான். அதை நான் மச்சாளுக்குத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அவன் விரலால் காட்டியதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. லோஞ்சில் ஏறி உட்கார்ந்ததும், "பாத்தீங்களே, அரசாங்கமே என்ர பக்கம்" என்றாள்.

அன்று கடல் நல்ல பிள்ளையாக இல்லை. குடா நடுவில் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு பெட்டிகளையும் பொலித்தீன் பையில் சுற்றி ஆளுக்கொன்றாக மடியில் வைத்து, குழந்தையை அணைப்பது போலக் குனிந்துகொண்டு போனோம். அவள் மடியில் சிவப்பு, என் மடியில் கறுப்பு. பக்கத்தில் இருந்த ஒரு பெண், "எத்தனை மாசம்?" என்று கேட்டாள், பகிடிக்குத்தான்.

கலியாண வீடு ஜெட்டியிலிருந்து கொஞ்சத் தூரம். முற்றத்தில் பெண்களுக்குத் தனியாகக் கிடுகுப் பந்தல் போட்டு மூன்று பக்கமும் சீலையால் மறைத்திருந்தார்கள். மணப்பெண்ணின் உம்மா நல்ல உயரம், உரத்த குரல். எங்களைக் கண்டதும், "வந்திட்டாங்க படக்காரங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சர்பத் வந்தது. நான் கிளாஸைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

காலை முழுக்க மச்சாள் படம் எடுத்தாள். நான் உள்ளறையில் ஒரு மேசையில் என் அறிக்கையோடு உட்கார்ந்தேன். லோஞ்சால் இறங்கும்போது மாறி, கறுப்பு அவள் பைக்குள் போயிருந்தது, கைக்குக் கிட்டச் சிவப்பு. அதனால்தான் சிவப்பைத் திறந்தேன், வேறு காரணமில்லை. திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த அகலத் திரையில் இடது பக்கம் ஆங்கில அறிக்கையையும் வலது பக்கம் தமிழையும் ஒரே நேரத்தில் வைக்கலாம். கந்தோரில் ஆங்கிலத்தைப் பார்த்து, மூடி, தமிழைத் திறந்து, எழுதி, மூடி, திரும்ப ஆங்கிலத்தைத் திறந்து எத்தனை காலம் மாரடித்தேன். இங்கே கண்ணை இடமும் வலமும் அசைத்தால் போதும். விரல்களுக்கும் நல்ல இடம் இருந்தது. அரை நாள் வேலை பந்தலில் மருதோண்டிப் பாட்டு முடியுமுன் முடிந்துகொண்டு வந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு காதல் எனக்குள் தொடங்கிவிட்டது.

பிறகு கரண்ட் போனது. மூதூரில் அது செய்தியே இல்லை. ஆனால் சிவப்பின் பெட்டறி, கடையில் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டே களைத்ததோ என்னவோ, ஒரு வசனத்தின் நடுவில் கண்ணை மூடிவிட்டது.

அதே நேரம் பந்தலில் மச்சாளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எடுத்த படத்தை இப்போதே காட்ட வேண்டும். அவள் வேறு வழியில்லாமல் கறுப்பை எடுத்தாள். நான் வெளியே வந்து பார்த்தபோது, மத்தியான வெயில் கிடுகு ஓட்டைகளால் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மங்கல் திரையில் படங்கள் தெளிவாகத் தெரிந்தன. மினுக்கம் இல்லாத திரைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. மச்சாள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் பார்க்காதது போல நின்றேன்.

பின்னேரம் கரண்ட் வந்ததும் சிவப்புக்கு உயிர் வந்தது. அதைப் பந்தலின் ஓரத்தில் ஒரு மேசையில் வைத்துப் படங்களைப் பாட்டோடு ஓடவிட்டோம். ஆனால் வெளிச்சம் இன்னும் இருந்தது. மணப்பெண்ணின் உம்மா கிட்டக் குனிந்து பார்த்தார்.

"இது ஆரு, மகளுக்குப் பின்னால நிக்கிற தடிச்ச பொம்புள?"

அவர் தலையை ஆட்டினார். திரையில் இருந்த பெண்ணும் தலையை ஆட்டினாள்.

"அடியே, நான்தான்!"

பந்தல் வெடித்துச் சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொருத்தியும் வந்து மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் தன் முகம் விழும்படி நின்று பார்த்தாள். இருட்டத் தொடங்கிய பிறகுதான் திரை தன் முழு வடிவையும் காட்டியது. பச்சைப் பட்டும் கல்லுவைத்த மாலையும் உள்ளங்கை மருதோண்டியும் அப்படியே எழும்பி நின்றன. மணப்பெண் தன்னை அப்படிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சாள் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழக்கு முடிந்தது, சிவப்பு வென்றது என்றுதான் நினைத்தேன். எனக்கும் இப்போது அதில் வருத்தமில்லை.

அப்போது உம்மா மச்சாளைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அவருடைய உரத்த குரல் இறங்கியிருந்தது.

"மகள், எல்லாரும் முக்காடு இல்லாம இரிக்காங்க இந்தப் படத்தில. நாளைக்கு ஜெட்டியில அவனுகள் திறந்து பாத்தா? டவுனில ரிப்பேருக்குக் குடுத்தா? வேற ஆம்பளைட கண்ணுக்குப் போச்செண்டா, இவட மாப்புள வீட்டில நான் எப்படி முகம் காட்டுற?"

அந்தப் பயம் மச்சாளுக்குத் தெரியாததல்ல. ஸ்டூடியோவில் எட்டிப் பார்த்த பெடியன்களை அவள் எத்தனை தரம் அதட்டியிருப்பாள். பிறகு பைக்குள் இருந்து கறுப்பை எடுத்தாள். நானா காட்டித் தந்தபடி தன் சுட்டுவிரலைப் பதிந்தாள். படங்களை எல்லாம் அதற்குள் மாற்றினாள். சிவப்பிலும் கமெராவிலும் இருந்தவற்றை உம்மாவின் கண் முன்னாலேயே அழித்தாள். கறுப்பை மூடித் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப உங்கட விரலை வையுங்கோ, பாப்பம்."

உம்மா விரலை வைத்தார். திறக்கவில்லை. அழுத்தி வைத்தார். திறக்கவில்லை. மச்சாள் வைத்தாள். திறந்தது.

"இன்னொருக்கா மூடுங்க" என்றார் உம்மா.

அவ்வளவுதான். பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் வரிசையில் வந்துவிட்டார்கள். ஒருத்தி பெருவிரலை வைத்தாள், ஒருத்தி சின்னவிரலை. ஒரு பெரியம்மா விரலை நக்கித் துடைத்துவிட்டு வைத்தார். கள்ளி ஒருத்தி மச்சாளின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு ஓடிவந்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் மணப்பெண்ணே எழுந்து வந்து மருதோண்டி சிவந்த விரலை வைத்தாள். பெட்டி அவளுக்கும் மசியவில்லை.

"எண்ட படத்தை எனக்கே காட்டாதா?" என்று அவள் கேட்டதும் மறுபடி சிரிப்பு.

"அப்ப சரி" என்றார் உம்மா. அவர் குரல் பழையபடி ஏறியிருந்தது. "பொண்ணுக்கே திறக்கல்ல எண்டா வேற எவனுக்கும் திறக்காது."

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் திரும்பினோம். திருகோணமலை ஜெட்டியில் அதே நேவிக்காரன். எங்களைக் கண்டதும் அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் சோதனை சோதனைதான். இரண்டையும் போடச் சொன்னான். சிவப்பு இந்த முறை சத்தமில்லாமல் வந்தது. கறுப்பு விரலைக் கேட்டு நின்றது. திறந்து காட்டச் சொன்னான்.

மச்சாள் பெட்டியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "மச்சாள், சொல்லுங்கோ அவனுக்கு. நான் வாக்குக் குடுத்தனான்."

அந்த இடத்தில் முடியாது என்று சொல்வது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. வார்த்தையை யோசித்து யோசித்துச் சொன்னேன். இவை கலியாண வீட்டுப் பெண்களின் படங்கள். ஆண்கள் பார்ப்பதில்லை என்று அந்த வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பெண்களைச் சோதிக்கிற அந்த அக்கா பார்க்கட்டும்.

அவன் பெட்டியையும் எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசையையும் பார்த்தான். பிறகு சீலை மறைப்புக்குப் பின்னால் நின்ற நேவிப் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டான். அவள் எங்களை உள்ளே கூட்டிப்போனாள். மச்சாள் விரலை வைத்துத் திறந்தாள். இரண்டு படம் பார்த்தால் போதுமானதுதான். அவள் முழுவதையும் பார்த்தாள். அந்த மாலை எங்கே வாங்கியது, பட்டு எந்த ஊர், மாப்பிள்ளை நல்லவனா என்று கேட்டாள். ஒவ்வொன்றையும் நான் தமிழாக்கி, மச்சாளின் பதிலைச் சிங்களமாக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் சந்தோஷமானது. வெளியே அவன், "முடிஞ்சுதா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

ஓட்டோவில் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டோம். நானாவின் கடைக்குப் பின்னேரம் போனோம். என் கணவரும் வேடிக்கை பார்க்க வந்தார்.

"என்ன முடிவு?" என்றார் நானா.

"கறுப்பு" என்றாள் மச்சாள்.

"சிவப்பு" என்றேன் நான்.

நானா என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கதவுக்கு வெளியே பார்த்தார்.

"போன கிழமை இவ சிவப்பு, நீர் கறுப்பு" என்றார் அவர் கடைசியில். "இப்ப நீர் சிவப்பு, இவ கறுப்பு. கடலில மாறிப்போச்சோ?"

காரணத்தைச் சொன்னோம். தொழில் செய்பவளுக்குத் தொழில் மொடலும் வீட்டில் இருந்து எழுதுபவளுக்கு வீட்டு மொடலும் என்றால் கம்பனிக்காரன் சொன்னது சரிதான் என்று நானாவுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. நான் முகாம் முகாமாகத் திரிபவள் என்றாலும், எழுத்து வேலை எல்லாம் வீட்டு மேசையில்தான் நடந்தது. அது எனக்கு மூதூரில்தான் விளங்கியது. வானில் இருந்து எழுதுகிறேன் என்று குசினியில் சொன்னது வாதத்துக்காகத்தான். வானில் நான் எப்போதும் நித்திரை.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். விட்டுக்கொடுத்தது நான். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அந்த உம்மாவின் கண்ணைப் பார்த்தவர் வேறெதையும் தெரிந்தெடுத்திருக்க மாட்டார். கறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. பகலில் அவள் படம், பின்னேரத்தில் நான் அறிக்கை. என்னுடைய விரலையும் அதில் பதிந்தாள். என் கணவருடையதைப் பதிய மறுத்துவிட்டாள்.

"அண்ணா ஆம்பிளை" என்றாள்.

"அப்ப கிரிக்கெட்?"

"பக்கத்து வீட்டை போங்கோ."

கதை மூதூரிலும் கிண்ணியாவிலும் பரவியது. அவள் பிடிக்கும் படத்தை அவள் விரல் இல்லாமல் எவனும் பார்க்க முடியாதாம் என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொன்னது. ஒரு கிழமையில் இரண்டு கலியாணம் என்று வந்தது. நிலாவெளியில் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு அழைத்த தமிழ் வீட்டாரும், "உங்கட அந்தக் கறுப்புப் பெட்டியோட வாங்கோ" என்றார்கள். அந்த வேலைகளின் தயவில், அடுத்த வருசம் நானாவிடமிருந்தே எனக்கும் ஒரு அகலத் திரை வந்தது. பழைய சிவப்பு யாரோ ஒரு ஹோட்டல்காரரோடு போய்விட்டது. புதியது நீலம். கிரிக்கெட் அதில் நன்றாகவே தெரிந்தது.

இடையில் ஊர் கெட்டது. மூதூர்ப் பக்கம் ஷெல் அடி தொடங்கி, சனம் உடுத்த உடுப்போடு நடந்து வெளியேறியது. லோஞ்ச் நின்றது. உம்மா வீட்டாரைப் பற்றிக் கன நாள் ஒன்றும் தெரியவில்லை. மச்சாள் நானாவின் கடைக்கு அடிக்கடி போய் விசாரித்துவிட்டு வருவாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், கிண்ணியாவில் சொந்தக்கார வீட்டில் நிற்கிறார்கள் என்று நானா சொன்ன அன்று, அவள் கடையிலிருந்தே எனக்கு ஃபோன் எடுத்து அழுதாள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் காலை எங்கள் கேற்றடியில் ஓட்டோ ஒன்று நின்றது. உம்மாவும் மணப்பெண்ணும், மணப்பெண்ணின் இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தையும். வீட்டில் கூரை பாதிதான் இருந்ததாம். அலுமாரி உடைந்து கிடந்ததாம். அல்பம் மழையில் ஊறி, ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தோடு ஒட்டிப்போயிருந்ததாம்.

"இவட கலியாணம் நடந்ததுக்கு இப்ப இவதான் அத்தாட்சி" என்று உம்மா குழந்தையைக் காட்டிச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கதிரையில் உட்கார்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மச்சாள் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படங்கள் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொன்றாக வந்தன. சர்பத் கிளாஸ்கள், கிடுகுப் பந்தல், வரிசையாக நின்று சிரித்த பெண்கள். அவர்களில் சிலர் இப்போது வேறு ஊர்களில் இருந்தார்கள். ஒரு பெரியம்மா இல்லை. அவருடைய முகம் வந்த இடத்தில் உம்மா மச்சாளின் கையைத் தொட்டார். அவள் அந்தப் படத்தை அப்படியே விட்டாள்.

பிறகு குழந்தை அழுதது. நான் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சோறு வடிக்க வேண்டியிருந்தது. காலையில் வாங்கிய பாரைக்குட்டியைப் பொரிக்க உம்மாவும் பின்னால் வந்து, "மசாலாவுக்குத் தூள் காணாது" என்று என் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டார். முன்னறையில் மணப்பெண் எந்தெந்தப் படங்களைப் பெரிதாக அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவெடுக்க முடியாமல் எல்லாவற்றையும் கேட்டாள். மச்சாள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

சாப்பிட்ட பிறகு குழந்தையையும் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். அது கமெராவைப் பார்க்க மறுத்து, ஒழுங்கையால் போன மானைப் பார்த்துக் கையைத் தட்டியது. மச்சாள் அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமத்தினாள்.

பாதை என்கிற மிதவைப் படகு நிற்க முன் கிண்ணியாத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தேத்தண்ணியைக்கூட நின்றபடி குடித்துவிட்டு ஏறினார்கள். ஓட்டோ இறக்கத்தில் திரும்பும் வரைக்கும் உம்மாவின் குரல் கேட்டது. அடுத்த மகளுக்கும் மாப்பிள்ளை பேசி வருகிறார்களாம், நாளைக் குறித்ததும் சொல்லி அனுப்புகிறாராம், வேறு யாருக்கும் அந்தக் கிழமையைக் கொடுத்துவிட வேண்டாமாம்.